மொட்டைமாடிக்கு வேலைக்குப் போனவன்

மேற்கிலிருந்து எழும் கச்சான் காற்று தெருமண்ணையும் உப்பளத்து வெள்ளையையும் ஒன்றாக வாரி ஜன்னலில் அடித்துக்கொண்டிருந்த ஓர் ஆனி மாதத்தில், நான் அலுவலகத்துக்குப் போவதை நிறுத்தினேன். தூத்துக்குடித் துறைமுகத்தை நம்பிப் பிழைக்கும் கப்பல் ஏஜென்சி ஒன்றில் அடுத்தவர் சரக்குக்குக் காகிதம் எழுதியே நரைத்தவன் நான். முந்திரி போயிற்று, நூல் போயிற்று, இறால் போயிற்று, உப்பு போயிற்று. எல்லாவற்றையும் ஏற்றி அனுப்பிவிட்டு நான் மட்டும் கரையில் உட்கார்ந்திருந்தேன்.

வெளியே வர ஒரு வழி கிடைத்தது. மாலுமிப் பயிற்சி நிலையம் ஒன்று, புதிதாகக் கப்பலேறும் தமிழ்ப் பிள்ளைகளுக்காக, ஒரு தடித்த ஆங்கிலக் கையேட்டைத் தமிழில் கேட்டது. கிறிஸ்துமஸுக்குள் முடித்துக் கொடுக்க வேண்டும். அது நன்றாக அமைந்தால் அந்த வரிசையில் மீதமுள்ள நூல்களும் எனக்கே. அப்புறம் எவனுக்கும் வணக்கம் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார வேண்டியதில்லை.

ஏஜென்சி முதலாளி அண்ணாச்சி என் கடிதத்தைப் படிக்கவே இல்லை. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

“வீட்டுல இருந்துக்கிட்டு வேலையாக்கும்? வீட்டுல இருந்தா தூக்கம்தாம்ல வரும். கிறிஸ்மஸ் வரைக்கும் பாக்கேன். முடியலன்னா வெக்கப்படாம வந்துரு. அதுக்கு மேல வேற ஆளப் போட்டுருவேன், பாத்துக்க.”

வீட்டில் என் மனைவி அதையே வேறு மாதிரி சொன்னாள். அவள் பள்ளிக்கூட ஆசிரியை. பேச்சில் எப்போதும் ஒரு வகுப்பறைக் கறார் இருக்கும். “கிறிஸ்மஸ் வரைக்கும் நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். அதுக்குள்ள முடியலன்னா நீங்க ஒண்ணும் சொல்லக் கூடாது. மறுநாளே அண்ணாச்சிகிட்டப் போயிரணும்.”

சரி என்றேன். அன்று இரவு, கரை விட்ட கப்பல்போலத் தூங்கினேன்.

மறுநாள் காலையில்தான் தெரிந்தது, கரை என்னை விடவில்லை என்று. மேசையில் கையேடு. அதன் பக்கத்தில் நான். எங்கள் இருவருக்கும் நடுவில் உலகத்தில் உள்ள எல்லாமும். என் கால்கள் சும்மா இருக்கப் பிறந்தவை அல்ல. ஒரு வாக்கியத்தில் ஒரு சொல் மக்கர் செய்தால் போதும், கால் செருப்பைத் தேடும். ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் சொல் வந்துவிடும் என்று கிளம்புவேன். டீ வரும். பழைய துறைமுகத்தில் தோணிகளில் வெங்காய மூட்டை ஏற்றுவதைப் பார்ப்பேன். பீச் ரோட்டில் காற்று வாங்குவேன். திரும்பும் வழியில் மக்ரூன் வாங்குவேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் மக்ரூன் இருக்கும், சொல் இருக்காது.

வெளியே போகாத நாட்களில் வெளியே இருந்தவையெல்லாம் உள்ளே வந்தன. நான் வீட்டில் இருக்கிறேன் என்ற செய்தியைத் தெரு எப்படித் தெரிந்துகொண்டது என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. கூரியர்காரத் தம்பி ஒரு நாள் எதிர்வீட்டுப் பார்சலை என்னிடம் கொடுத்தார். “அவுக வேலைக்குப் போயிருக்காவ அண்ணாச்சி, நீங்கதான் வீட்ல இருக்கீயளே.” மறுவாரம் தெருவுக்கு வந்த பார்சல் எல்லாம் என் வீட்டில்தான் இறங்கின. குக்கர் வந்தது, குழந்தைத் தொட்டில் வந்தது, யாருடையதென்றே தெரியாத ஒரு மீன் தொட்டி வந்தது. காஸ் சிலிண்டர்காரர் அடுத்த வீட்டு சிலிண்டரை எங்கள் வாசலில் வைத்துவிட்டு, “நீங்க சொல்லிருங்க” என்று போய்விடுவார். தண்ணீர் லாரி வந்தால் மோட்டார் போட்டுவிடச் சொல்லி அடுத்த தெருவிலிருந்து போன் வரும். போனில் பேசியவர்கள் எல்லோரும் ஒரே வாக்கியத்தில்தான் தொடங்கினார்கள். “சும்மாதான இருக்கீய?”

இல்லை, வேலையாக இருக்கிறேன் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். “அது கெடக்கட்டும்” என்றார் மறுமுனையில் இருந்தவர்.

ஆவணி வந்தும் கையேட்டின் முதல் அத்தியாயத்தைக்கூட நான் தாண்டவில்லை. அந்த நேரத்தில்தான் ஜெபக்கூட்டத்தார் வந்தார்கள்.

எங்கள் தெருவில் சபையைச் சேர்ந்த வீடுகள் வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபிப்பது வழக்கம். அதை நடத்துகிறவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர். என் மனைவி டீச்சர் என்பதால் தெருவுக்கு அவர் பெரிய டீச்சர். அவர் எங்கள் வீட்டு நடுக்கூடத்தில் முழங்காலிட்டு, கண்ணை மூடி, தெளிவான குரலில், “ஆண்டவரே, இந்த வீட்டின் தகப்பனுக்கு ஏற்ற ஒரு வேலையைக் கட்டளையிடும். அவருடைய அவமானத்தை நீக்கும்” என்று ஜெபித்தார்.

நான் கண்ணைத் திறந்துவிட்டேன். எதிரே என் மனைவியும் திறந்திருந்தாள். அவள் உதடு சிரிப்பை அடக்கித் துடித்தது.

ஜெபம் முடிந்ததும் மெதுவாகச் சொன்னேன். “பெரிய டீச்சர், எனக்கு வேலை இருக்கு. வீட்டுல இருந்தே செய்யுறது.”

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். பரீட்சையில் தோற்ற பையன் பேப்பர் கஷ்டம் என்று சொல்லும்போது பார்க்கும் பார்வை. “இதுல மறைக்க என்ன இருக்கு சார்? எல்லாருக்கும் வாரதுதான். நீங்க விசுவாசமா இருங்க.”

“வேலைன்னா காலைல வெளிய போகணும்லா?” என்றார் எதிர்வீட்டு அம்மா டீயை ஆற்றிக்கொண்டே. “இவுக எங்க போறாவ?”

நானும் என்னையே கேட்டுக்கொண்டேன். நான் எங்கே போகிறேன்?

கையேட்டில் நான் தள்ளிப்போட்டு வைத்திருந்த அத்தியாயம் ஒன்று உண்டு. கப்பலில் ‘வாட்ச்’ பார்ப்பது பற்றியது. இன்ன நேரத்திலிருந்து இன்ன நேரம் வரை கப்பலின் பொறுப்பு ஒருவருடையது. பிறகு அடுத்தவர் வந்து ஏற்றுக்கொள்வார். அதற்குத் தமிழில் ஒரு சொல் அகப்படவில்லை. காவல் என்று எழுதினால் போலீஸ் ஸ்டேஷன் வாசம் அடித்தது. கண்காணிப்பு என்றால் அண்ணாச்சி முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பதுபோல் இருந்தது. சொல் இல்லாமல் அத்தியாயம் நின்றது, அத்தியாயம் இல்லாமல் புத்தகம் நின்றது.

ஜெபக்கூட்டம் கலைந்த பிறகு அடுக்களையில் டீக் கிளாஸ்கள் மலைபோலக் குவிந்து கிடந்தன. நான் நைசாகக் கூடத்துக்கு நகர்ந்தேன். அடுக்களையிலிருந்து குரல் வந்தது.

“எங்க நழுவுதீய? இன்னைக்குப் பாத்திரம் உங்க மொற.”

அப்படியே நின்றேன். முறை. வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்ச முறை. கோயிலுக்குப் பூக்கட்ட முறை. பாத்திரம் தேய்க்க முறை. ஒருவர் முடிக்க, ஒருவர் தொடங்க, பொறுப்பு கை மாறுகிற அந்த நேரத்துக்குத் தமிழன் காலங்காலமாகச் சொல்லிவரும் சொல். ஒழுங்கு என்றும் அதற்குப் பொருள், நியாயம் என்றும் பொருள். “முறை ஏற்றல்”, “முறை ஒப்படைத்தல்” என்று சோப்பு நுரைக் கையோடு சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். கிளாஸ்கள் கணகணவென்றன.

“மெதுவா, ஒடைச்சிராதீங்க” என்றாள் அவள்.

மறுநாள் அந்த அத்தியாயத்தைத் திறந்தேன். இதுவரை ஆங்கிலத்தில் எத்தனையோ தடவை படித்தது, தமிழில் எழுத எழுத என்னைப் பார்த்துப் பேச ஆரம்பித்தது. மாலுமி உண்பதும் உறங்குவதும் உழைப்பதும் ஒரே இரும்புக்குள். அவன் படுக்கைக்கும் வேலைக்கும் நடுவே ஒரு ஏணிதான் தூரம். ஆனாலும் அவன் வேலைக்குப் போகிறான். உடுத்திக்கொண்டு போகிறான். முன்னவரிடமிருந்து கேட்டு வாங்குகிறான்: கப்பல் எந்தத் திசையில் போகிறது, எதிரே என்ன தெரிகிறது, என்ன பாக்கி இருக்கிறது. கண் இருட்டுக்குப் பழகும்வரை முறையை ஏற்கமாட்டான். கப்பல் திரும்பிக்கொண்டிருக்கும்போது நடுவில் ஒப்படைக்கமாட்டான். வருகிறவருக்கு உடம்பு சரியில்லை என்றால் கொடுக்கவே மாட்டான். கடல் நடுவில் அவனை யார் பார்க்கிறார்கள்? ஒருவரும் இல்லை. அதற்காகத்தான் இத்தனை முறைமையும்.

அடுத்த திங்கட்கிழமை, தேய்த்த சட்டை, பேன்ட், பாலிஷ் போட்ட ஷூ. கையில் மடிக்கணினிப் பை, டிபன் பாக்ஸ். மனைவி ஸ்கூட்டியை எடுக்க, நானும் அவளோடு வெளியே வந்து கேட்டைப் பூட்டினேன். போனை வேண்டுமென்றே வீட்டுக்குள் வைத்துப் பூட்டினேன். எதிர்வீட்டு அம்மா வாசல் தெளித்துக்கொண்டிருந்தார். தலையசைத்தேன். தெருமுனை வரை நிமிர்ந்து நடந்தேன். அங்கே இடப்பக்கம் திரும்பி, வாதமடக்கி மரம் நிற்கும் பின்சந்துக்குள் நுழைந்து, எங்கள் வீட்டின் பின்பக்க இரும்புப் படியில் ஏறி, மொட்டைமாடியில் தகரக்கூரை போட்ட அறைக்குள் போய் உட்கார்ந்தேன். அதுவரை பழைய கட்டிலும் கிறிஸ்துமஸ் நட்சத்திரமும் போட்டு வைத்திருந்த அறை.

உடனே மடிக்கணினியைத் திறக்கவில்லை. கண் பழகட்டும் என்று சும்மா இருந்தேன். தூரத்தில் துறைமுகக் கிரேன்கள் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றன. பிறகு திறந்தேன்.

கீழே அழைப்புமணி அடித்தது. கூரியர்காரராகத்தான் இருக்கும். மறுபடி அடித்தது. என் கால்கள் தாமாக எழுந்தன. நான் எழவில்லை. மணி நின்றது. ஒரு பைக் உறுமிப் போனது. பூட்டிய வீட்டுக்குள் போன் தனியே பாடி ஓய்ந்தது. அந்த ஓய்வுக்குப் பின்னால் வந்த அமைதியை நான் எப்படிச் சொல்வேன்? வலை நிறைந்து மேலே வரும்போது படகில் ஒருவரும் பேசமாட்டார்கள். அந்த மாதிரி ஓர் அமைதி. அதில் என் முதல் வாக்கியம் துள்ளி விழுந்தது. அதன் பின்னால் இன்னொன்று.

என் கால்களையும் நான் பட்டினி போடவில்லை. சொல் மக்கர் செய்தால் எழுந்து மாடியிலேயே நடந்தேன். தண்ணீர்த் தொட்டியிலிருந்து கொடிக்கயிறு வரை ஒரு வாக்கியம், கொடிக்கயிற்றிலிருந்து தொட்டி வரை அதைத் திருத்திய வாக்கியம். வெயிலில் நடந்து நடந்து சத்தமாகச் சொன்னேன். ஒரு மாலுமிப் பையன் காற்றிரைச்சலில் கேட்டால் புரிய வேண்டும் அல்லவா? காற்றில் நின்று படியாத வாக்கியத்தை அழித்தேன். இத்தனை வயதுவரை என் சாபம் என்று நான் நினைத்திருந்த தவிப்பு, ஒரு மொட்டைமாடி கிடைத்ததும் வண்டியில் பூட்டிய காளை ஆயிற்று.

முறையை ஏற்றாயிற்று, யாரிடம் ஒப்படைப்பது? பள்ளி விட்டு வந்த மனைவி டீயோடு படியேறி வந்தாள். நான் எழுந்து நின்று சொன்னேன். “தீயணைப்பு அத்தியாயத்துல பாதி முடிஞ்சது. தண்ணி பீச்சுத ‘ஹோஸ்’னு ஒரு சொல்லு எதுத்தாப்ல நிக்கி. நாளைக்கு மிச்சம்.”

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். “நான் என்ன சொல்லணும்?”

“ஏத்துக்கிட்டேன்னு சொல்லணும்.”

“ஏத்துக்கிட்டேன்” என்றாள். மடிக்கணினியை மூடினேன். மூடினால் மூடியதுதான். ராத்திரி திருட்டுத்தனமாகத் திறந்து பார்க்கும் புத்தி அன்றோடு போயிற்று. பொறுப்பு என்னிடம் இல்லையே.

ஒரு நாள் எழுதியது எல்லாம் அழிந்து, கையில் ஒன்றுமில்லாமல் நின்றேன். காற்று சரியில்லை, கரண்ட் இல்லை, மூலத்தில் ஏதோ குழப்பம் என்று அடுக்கிக்கொண்டே போனேன். அவள் கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள்.

“ஒண்ணும் நடக்கல. அதான?”

“ஆமா.”

“அதச் சொல்லுங்க. கப்பல்காரன் இம்புட்டு இழுத்தா கப்பல் மோதிரும்.”

இன்னொரு நாள் விடைத்தாள் திருத்திய களைப்பில் நெற்றியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். “எனக்குத் தலவலி. உடம்பு சரியில்லாத ஆள்கிட்ட ஒப்படைக்கக் கூடாதுன்னு உங்க புஸ்தகமே சொல்லுதுல்லா? போயி டீ போட்டுட்டு வாங்க.” போட்டுக்கொண்டு வந்தேன். குடித்துவிட்டு ஏற்றுக்கொண்டாள்.

ஐப்பசி வந்தது. கச்சான் ஓய்ந்து வாடை எழுந்தது. மழை தகரத்தில் இறங்கியபோது என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஒழுகிய இடத்தில் வாளி வைத்தேன். ஷூவைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, பேன்ட்டை முழங்காலுக்கு மடித்துக்கொண்டு, கப்பலில் வெள்ளம் புகுந்தால் என்ன செய்ய வேண்டும் என்ற அத்தியாயத்தைச் செய்தேன். அந்த அத்தியாயம்போல உயிரோடு நான் எதையும் எழுதியதில்லை.

தெருவும் சும்மா இல்லை. எதிர்வீட்டு அம்மா ஒரு காலையில் விளக்குமாற்றோடு வழிமறித்தார்.

“வேலை கெடச்சிட்டாமே அண்ணாச்சி. ஆர்பருக்குள்ளயா?”

“இல்ல, பக்கத்துலதான்.”

“கேன்டீன் உண்டோ?”

“வீட்டுச் சாப்பாடுதான்.”

“மேனேசர் நல்ல மாதிரியா?”

“கொஞ்சம் கோவக்காரர். ஆனா நியாயஸ்தர்” என்றேன். ஸ்கூட்டியை முறுக்கிக்கொண்டிருந்த என் மனைவிக்குப் புரையேறியது. சொன்னதில் ஒரு எழுத்துப் பொய் இல்லை.

மார்கழிக்கு முன்பே கையேடு முடிந்தது. கடைசி வாக்கியத்தைத் தொட்டியிலிருந்து கொடி வரை நடந்து சொல்லிப் பார்த்தேன், நின்றது. அனுப்பிவிட்டேன். அதற்குப் பிறகும் தினமும் கேட்டைப் பூட்டிக்கொண்டு போய், பின்சந்து வழியே ஏறி, திருத்தங்களில் உட்கார்ந்தேன். பயிற்சி நிலையத்திலிருந்து பதில் வந்த நாள் எங்கள் வீட்டில் ஸ்தோத்திரக் கூட்டம். ஜெபம் கேட்கப்பட்டது, வேலை கிடைத்தது, நன்றி செலுத்த வேண்டும் என்று பெரிய டீச்சர் முன்பே குறித்துவிட்டிருந்தார். காலையில் மாடியில் அந்தக் கடிதத்தைப் படித்தேன். மொழிபெயர்ப்பு அச்சுக்குப் போகிறது. வரிசையின் மற்ற நூல்களும் உங்களுக்கே என்று இருந்தது. மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். துறைமுகத்துக்குள் ஏதோ ஒரு கப்பல் ஊதியது. எனக்காக ஊதவில்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் எடுத்துக்கொண்டேன்.

சாயங்காலம் கூடம் நிறைந்திருந்தது. பாட்டு முடிந்ததும் பெரிய டீச்சர் திரும்பினார். “சார் எழும்பி சாட்சி சொல்லுவாக. எந்தக் கம்பெனி, என்ன வேலைன்னு நாமளும் கேட்டு சந்தோஷப்படலாம்.”

எழுந்தேன். “கம்பெனி ஒண்ணும் இல்ல. தெனமும் நான் போற ஆபீஸ் இந்த வீட்டு மொட்டைமாடிதான். இந்தப் பக்கம் போயி அந்தப் பக்கம் ஏறுதேன். அங்க இருந்துதான் ஒரு புஸ்தகத்தத் தமிழாக்கி முடிச்சேன். இன்னைக்கு அத ஏத்துக்கிட்டாக.”

 மிக்சரை மென்றுகொண்டிருந்த ஒருவர் மெல்லுவதை நிறுத்தினார்.

“அப்ப நாங்க இத்தன மாசம் எதுக்கு ஜெபிச்சோம்?” என்றார் பெரிய டீச்சர்.

“அது கேக்கப்பட்டுது டீச்சர். எனக்கு வேலை வேணும்னு கேட்டீக. வேலை ஏற்கெனவே இருந்துது. அதுக்குத்தான் ஆள் இல்லாம இருந்துது. இப்ப ஆள் கெடச்சாச்சி.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார். தலைமையாசிரியையின் குரலில் சொன்னார். “எங்க, ஒரு பக்கம் வாசிங்க பாப்போம்.”

முறை அத்தியாயத்தை வாசித்தேன். மாடியில் நடந்து நடந்து படிந்த குரலில் வாசித்தேன். கண் இருட்டுக்குப் பழகும்வரை முறையை ஏற்காதே. திரும்பும் கப்பலை நடுவில் ஒப்படைக்காதே. வாசித்து முடித்தபோது, கடைசி வீட்டுப் பெண் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய கணவர் கப்பலில் இருக்கிறார். வருஷத்தில் பெரும்பகுதி போனில்தான் குடும்பம்.

“இதுதானா அவுக செய்யுதாவ?” என்றார். “பேசிக்கிட்டே இருக்கையில வாட்ச்சுக்கு நேரமாச்சின்னு வச்சிருவாவ. எங்க அத்தை, இவன் என்ன எப்பப் பாத்தாலும் வாட்ச்சு வாங்கவே போறான், எத்தன கையி இருக்குன்னு வையும்.”

கூடம் சிரிப்பில் குலுங்கியது. பெரிய டீச்சரும் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் அந்தப் பெண், “அந்தக் கண்ணு பழகுத எடத்த மட்டும் இன்னொரு தடவ வாசிங்க அண்ணாச்சி” என்றார். வாசித்தேன். அவர் கேட்டுக்கொண்டிருந்த விதத்தில், அவருடைய வீட்டுக்காரர் எங்கோ ஒரு கடலில் இருட்டுக்குள் நின்று கண்ணைப் பழக்கிக்கொண்டிருப்பதை நான் பார்த்தேன். நான் வாங்கிய எந்தச் சம்பளமும் என்னை அப்படி உயர்த்தியதில்லை. பெரிய டீச்சர் அன்று நீண்ட ஸ்தோத்திர ஜெபம் செய்தார். இந்தத் தடவை மொட்டைமாடியையும் அதில் சேர்த்துக்கொண்டார்.

மறுநாள் காலை. கேட்டைப் பூட்டுவதற்கு முன் அண்ணாச்சிக்குப் போன் செய்தேன்.

“என்னல, கிறிஸ்மஸ் வந்துட்டு. எப்ப வார?”

“வரல அண்ணாச்சி. முடிச்சிட்டேன். அடுத்ததும் வந்துட்டு. நீங்க ஆளப் போட்டுருங்க.”

 அலுவலகத்து மின்விசிறிச் சத்தம் கேட்டது. “வீட்டுல இருந்துக்கிட்டேவா முடிச்ச?” என்றார்.

“இல்ல அண்ணாச்சி. வேலைக்குப் போயித்தான் முடிச்சேன்.”

“எங்க போன?”

அவருக்கு நின்று விளக்கிச் சொல்ல ஆசைதான். ஆனால் மனைவி ஸ்கூட்டியைக் கிளப்பிவிட்டாள். “நேரமாச்சி அண்ணாச்சி, வைக்கேன்” என்றேன். எத்தனையோ வருஷம், அவர் வைக்கும்வரை போனைக் காதிலேயே பிடித்துக்கொண்டு நின்றவன் நான். அன்று நான் முதலில் வைத்தேன். போனை வீட்டுக்குள் வைத்துக் கேட்டைப் பூட்டினேன். தெருமுனையை நோக்கி, ஷூ சத்தம் எழ, வேகமாக நடந்தேன்.